சுடுதண்ணீர்ச் சிலிண்டருக்குத் தெர்மோஸ்டாட் பொருத்துவது: திருகோணமலை வீடுகளுக்கும் விருந்தகங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி மழை பிடித்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் மாறிவிடும். ஆனி, ஆடியில் மின்விசிறி, ஏசி என்று கூப்பிட்டவர்கள் இப்போது சுடுதண்ணீர் பற்றிக் கேட்பார்கள். திருகோணமலையில் சுடுதண்ணீர் எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரே மத்தியானத்தில் கையைச் சுடும், உண்மைதான். ஆனால் வாடைக்காற்றோடு மழை கொட்டும் நாட்களில் அம்மம்மாவைக் குளிக்க வார்க்கவும், பிள்ளை பெற்றவளுக்கும், கைக்குழந்தைக்கும் சுடுதண்ணீர் வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தகம் வைத்திருப்பவர்களுக்கு வருடம் முழுக்க வேண்டும்.

நான் போகும் இடங்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: சூட்டைக் காக்கும் நுரை போர்த்திய நல்ல சிலிண்டர், உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் ஒரு எலிமென்ட், சுவரில் ஒரு சுவிச். தேவையான சூடு வந்ததும் கரண்டைத் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஆரம்பத்திலிருந்தே இல்லை, அல்லது பழுதானதும் கழற்றிவிட்டு வயரை நேரடியாக இணைத்திருக்கிறார்கள். யாராவது நேரம் பார்த்து சுவிச்சை நிறுத்த வேண்டும். மறந்தால் கொதிக்கும். அதைச் சரி செய்யும் வேலையை, நான் செய்யும் ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

தொடங்க முன் ஒன்று. சிலிண்டர் எந்த வகை என்று பார்ப்பது, இடம் குறிப்பது, நுரை வெட்டுவது, தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது, வேலை முடிந்தபின் சூடு அளப்பது எல்லாம் கவனமுள்ள எவரும் செய்யலாம். மின் இணைப்பை மட்டும் தகைமையுள்ள மின்னியலாளரிடம் விடுங்கள். 230 வோல்ட்டும் தண்ணீரும் ஒரே உலோகத்தைத் தொடும் இடம் இது. அவர் வந்து செய்யும்போது என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பகுதியையும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் எதை அறியும்

தெர்மோஸ்டாட் தான் தொடும் இடத்தின் சூட்டை மட்டும் அறியும். தாங்கியில் உள்ள 150 லீற்றர் முழுவதின் சூட்டை அது அறிவதில்லை. இந்த வேலையில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வந்தவை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். ஏழு கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. வாளியால் அள்ளி ஊற்றும்போதே தோல் வித்தியாசத்தைச் சொல்லிவிடும். சிலிண்டருக்குள்ளும் அப்படித்தான், ஆனால் கிணறுகளுக்குப் பதிலாக அடுக்குகள். சூடான தண்ணீர் இலேசானது, மேலே போய் நிற்கும். குளிர்ந்த தண்ணீர் கீழே கிடக்கும். எலிமென்ட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீர் சுழன்று ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வரும். எலிமென்ட்டுக்குக் கீழே இருப்பது பல மணி நேரம் ஓடினாலும் பெரிதாகச் சூடாகாது.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டை எலிமென்ட்டின் மட்டத்துக்குக் கீழே பொருத்தினால் அது எப்போதும் குளிர்ந்த தண்ணீரையே தொட்டுக்கொண்டிருக்கும். மேலே தண்ணீர் கொதிக்கும், கீழே இருக்கும் தெர்மோஸ்டாட் “இன்னும் சூடாகவில்லை” என்றே நிற்கும்.

இதை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். தொழில் பழகி இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒரு வீட்டில் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நின்றது, கீழ்ப்பக்கம்தான் கை போக வசதி. அங்கேயே பட்டி கட்டித் தெர்மோஸ்டாட்டை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் இரவு அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார். “தம்பி, பைப்பைத் திறந்தா ஆவிதான் வருது, ஒருக்கா வந்து பாருங்கோ.” நல்லவேளை, மேலே காற்றுக்குழாய் திறந்திருந்தது, அமுக்கம் ஏறவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குழாய் போய் விழும் கூரைப் பிளாஸ்டிக் தாங்கியின் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பிளாஸ்டிக் தாங்கி அந்தச் சூட்டில் இளகி உடைந்தால் கீழே நிற்பவர் தலையில் கொதிநீர் கொட்டும். அன்றைக்குப் பிறகு நான் முதலில் எடுப்பது அளவு நாடாவைத்தான்.

உங்கள் சிலிண்டர் எந்த வகை

மூன்று நிலைமைகள் இருக்கலாம்.

முதலாவது, எலிமென்ட்டின் தலையிலேயே தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு குழல் இருக்கும் வகை. எலிமென்ட் மூடியைக் கழற்றினால் நடுவில் விரல் நுழையாத அளவு ஒரு துளை தெரியும். உள்ளே நீளமாகப் போகும் உலர்ந்த குழல் அது. கோல் வடிவத் தெர்மோஸ்டாட் அதற்குள் இறங்கும். இதுதான் மிக இலேசான வேலை, தாங்கியிலிருந்து தண்ணீரை வடிக்கவும் தேவையில்லை. குழலுக்குள் ஈரம் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். குழல் அரித்து ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். தெர்மோஸ்டாட் போடாமல் எலிமென்ட்டையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வெளியே தகட்டு உறையும் உள்ளே நுரையும் கொண்ட தாங்கி. கூரையில் இருக்கும் சூரியவெப்பத் தாங்கிகள் பெரும்பாலும் இப்படித்தான். இவற்றில் உணரிக்கென்று ஒரு குழல் இருக்கிறதா என்று கட்டாயம் தேடிப் பாருங்கள். அநேகமாகப் பக்க மூடிக்குள் எலிமென்ட்டுக்கு அருகில் இருக்கும். மெல்லிய செப்புக் குழாயின் நுனியில் குமிழ் உள்ள வகைத் தெர்மோஸ்டாட் அதற்குள் போகும். அந்த மெல்லிய குழாயைக் கூர்மையாக மடிக்காதீர்கள், மிச்ச நீளத்தைப் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள். இந்த வகைத் தாங்கியின் தகட்டை வெட்டவே வேண்டாம். வெட்டிய இடத்தால் மழை நீர் நுரைக்குள் போகும், கடற்கரைக் காற்றில் அப்புறம் துரு நிற்காது.

மூன்றாவது, வெளி உறை இல்லாமல் நுரை மட்டும் போர்த்திய செப்புச் சிலிண்டர். பழைய வீடுகளிலும் சில விருந்தகங்களிலும் இருக்கிறது. இதற்குப் பட்டி கட்டிப் பொருத்தும் தெர்மோஸ்டாட் தான் வழி. நுரையில் ஒரு சன்னல் வெட்டி, தெர்மோஸ்டாட்டின் முதுகு செப்புச் சுவரை நேரடியாகத் தொடும்படி வைக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எலிமென்ட்டின் தகட்டில் எத்தனை கிலோவாட் என்று முதலில் படியுங்கள். 3 கிலோவாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 13 அம்பியர் இழுக்கும். 2 கிலோவாட் என்றால் 8.7 அம்பியர், 1.5 என்றால் 6.5. தெர்மோஸ்டாட்டின் மேல் எழுதியிருக்கும் அம்பியர் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கோல் வகைகள் பொதுவாக 15, 16 அல்லது 20 அம்பியர் தாங்கும், அவற்றின் ஊடாகவே எலிமென்ட்டின் கரண்ட் போகலாம். பட்டி வகைகளில் பல அவ்வளவு தாங்காது. பம்ப், வால்வு போன்ற சிறிய சுமைகளுக்கென்று செய்தவை அவை. அதன் ஊடாக 13 அம்பியர் விட்டால் உள்ளே தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிடும். ஒட்டிய பின் அது என்றைக்கும் நிறுத்தாது. ஆகவே பட்டி வகை என்றால் ஒரு கொன்டாக்டரும் (உள்ளே உள்ள சுருள் காந்தமாகி இயக்கும், பெரிய கரண்ட் தாங்கும் சுவிச்) வாங்குங்கள். தெர்மோஸ்டாட் கொன்டாக்டரை இயக்கும், கொன்டாக்டர் எலிமென்ட்டை இயக்கும். இதற்காகும் செலவைப் பார்த்துத் தயங்குபவர்களிடம் நான் விடாமல் வாதிடுவேன்.

கோல் வகையில் நீளம் முக்கியம். பழைய கோல் இருந்தால் அதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். குழலைவிட நீளமானால் தலை வெளியே தூக்கிக்கொண்டு நிற்கும். மிகவும் குட்டையானால் தலைப் பக்கச் சூட்டை மட்டும் உணரும்.

அந்தக் கோலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அதை மதிப்போடு கையாளத் தோன்றும். வெளியே பித்தளைக் குழாய், உள்ளே இன்வார் என்ற கலப்புலோகக் கம்பி. பித்தளை சூட்டில் நீளும். ஏறத்தாழ 64 பங்கு இரும்பும் 36 பங்கு நிக்கலும் கலந்த இன்வார் அநேகமாக நீளாது. நீளும் குழாய் நீளாத கம்பியை இழுக்க, அந்த மயிரிழை அசைவு சுவிச்சை “டிக்” என்று திறக்கிறது. இன்வாரை 1896 இல் கண்டுபிடித்த சார்ல்ஸ் எடுவார்ட் கியோமுக்கு 1920 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. கோலை வளைத்துவிட்டால் அந்த இழுவை கெட்டுப்போகும், அதனால்தான் வளைந்த கோலை நான் பொருத்துவதில்லை.

இன்னொரு பொருள், வெப்ப வெட்டி. தெர்மோஸ்டாட் ஒட்டிப்போனால் 80 பாகை செல்சியஸுக்கு மேல் எங்கோ ஒரு புள்ளியில் கரண்டை வெட்டி, கையால் அழுத்தினால்தான் மீண்டும் இணையும் சிறிய பாகம். நல்ல கோல் தெர்மோஸ்டாட்டுகளில் இது உள்ளேயே இருக்கும், தலையில் ஒரு சிறு பொத்தான் தெரியும். இல்லாததை வாங்காதீர்கள். பட்டி வகையில் இது தனியாக வர வேண்டும். அன்றாடம் சூட்டைக் கட்டுப்படுத்தும் பொருளே உயிரையும் காக்க வேண்டும் என்று விடக்கூடாது. இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் ஒன்று பழுதானாலும் மற்றது நிற்கும்.

பொருத்த முன் அடுப்படியில் ஒரு சோதனை

புதியது என்றாலும் சோதித்துப் பாருங்கள், பத்து நிமிட வேலை. ஒரு பானையில் தண்ணீரைச் சுடவைத்து, சமையல் வெப்பமானியை அதில் விடுங்கள். தெர்மோஸ்டாட்டை 60 பாகைக்குத் திருப்பி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் இரு முனைகளில் பிடியுங்கள். குளிராக இருக்கும்போது மீட்டர் “பீப்” என்று தொடர்பு காட்ட வேண்டும். கோலை மட்டும் தண்ணீருக்குள் விடுங்கள், தலை நனையக் கூடாது. சூடு 60 பாகையை நெருங்கும்போது “டிக்” சத்தத்தோடு தொடர்பு அற வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டால் 50, 54 பாகை அளவில் திரும்பச் சேரும். இந்த இடைவெளி பிழை இல்லை. அது இல்லாவிட்டால் எலிமென்ட் நிமிடத்துக்கொரு தடவை எரிந்து அணைந்து தொடுமுனைகள் கருகிப்போகும்.

பட்டி வகையைத் தண்ணீரில் விட முடியாது. சுடுதண்ணீர் நிரப்பிய ஒரு எவர்சில்வர் செம்பின் பக்கத்தில் அதன் முதுகை அழுத்திப் பிடித்து அதே சோதனையைச் செய்யலாம். அதில் பெரும்பாலும் மூன்று முனைகள் இருக்கும். சூடேறும்போது எந்த இரண்டு முனைகளின் தொடர்பு அறுகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். மாற்றி இணைத்தால் தண்ணீர் சூடான பிறகு எலிமென்ட் எரியத் தொடங்கும்.

மின்சாரத்தை நிறுத்துவது

சுவர் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. விநியோகப் பெட்டியில் சிலிண்டருக்குரிய பிரேக்கரையும் இறக்கி, அதன் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி “வேலை நடக்கிறது, தொடாதீர்கள்” என்று எழுதுங்கள். விருந்தகங்களில் இது மிக முக்கியம். தண்ணீர் சூடாக இல்லை என்று விருந்தினர் சொன்னதும் யாராவது ஒரு பையன் ஓடிப்போய் பிரேக்கரைத் தூக்கிவிடுவான்.

அப்புறம் மீட்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள், பின் எலிமென்ட் முனைகளில் பாருங்கள், மீண்டும் கரண்ட் உள்ள இடத்தில் பாருங்கள். மூன்று தடவை. டெஸ்டர் திருப்புளியை மட்டும் நம்பி எலிமென்ட் மூடிக்குள் கை வைக்காதீர்கள். அதன் குமிழ் எரியாததற்கு, குமிழ் பழுதானதும் காரணமாக இருக்கலாம்.

மூடி திறந்திருக்கும்போதே எலிமென்ட்டையும் அளந்துவிடுங்கள். வயர்களைக் கழற்றிவிட்டு இரு முனைகளுக்கிடையே அளந்தால் 3 கிலோவாட்டுக்கு 17, 18 ஓம், 2 கிலோவாட்டுக்கு 26 ஓம், 1.5 கிலோவாட்டுக்கு 35 ஓம் அளவில் காட்டும். முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் எலிமென்ட்டில் கரண்ட் கசிகிறது. ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். மின்னியலாளர் 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால் இன்னும் வடிவாகத் தெரியும்.

இடம் குறிப்பதும் நுரை வெட்டுவதும்

எலிமென்ட் சிலிண்டரின் பக்கவாட்டில் நுழைகிறதா, தலையிலிருந்து கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் என்றால் அது நுழையும் மட்டத்திலிருந்து 75 முதல் 100 மில்லிமீற்றர் மேலே குறி வையுங்கள். அந்த அளவு மேலே இருந்தால் எலிமென்ட் சூடாக்கும் தண்ணீரைத் தெர்மோஸ்டாட் உடனே அறியும். குளித்து முடித்துக் குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும்போதும் காலத்தோடு எரியவைக்கும். மிக மேலே வைத்தால் ஆபத்து இல்லை, ஆனால் சுடுதண்ணீர் அநேகமாகத் தீரும் வரைக்கும் அது எரியவைக்காது, கடைசியாகக் குளிப்பவர் திட்டுவார்.

தலையிலிருந்து தொங்கும் எலிமென்ட்டுக்கு அதன் நீளத்தைத் தெரிந்துகொண்டு, நுனி முடியும் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். வெளிக் கொதிகலனிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ சுருள்குழாய் வழியாகச் சூடாகும் சிலிண்டர் என்றால், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு வழமையான இடம் அடியிலிருந்து உயரத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே. குளிர்ந்த தண்ணீர் நுழையும் குழாய்க்கும், எலிமென்ட்டின் உலோக வளையத்துக்கும், பற்றவைத்த பொருத்துக்கும் நேர் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டை நுரை மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்குக் கத்தி மட்டும். துளைக்கும் இயந்திரம் கூடாது, செப்புச் சுவர் மெல்லியது, ஒரு கண நேரக் கவனப்பிசகில் ஓட்டை விழுந்து தண்ணீர் பீறும். கத்தி அலகில் நுனி 20 மில்லிமீற்றர் மட்டும் தெரியும்படி மின்சார டேப் சுற்றிவிடுங்கள், அதற்கு மேல் இறங்காது. முதலில் நான்கு பக்கமும் கீறி, நுரையைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, செப்பை நெருங்கும்போது கத்தியை வைத்துவிட்டு ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரத்துண்டால் சுரண்டுங்கள். நுரைத் தூள் மூச்சோடு போகும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளை எறிய வேண்டாம்.

செப்பு பளபளவென்று தெரியும் வரை மரத்தால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் பிறகு “தெர்மோஸ்டாட் சரியில்லை” என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போகிறார்கள். சுவருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவே ஒரு நகத்தளவு நுரை மிஞ்சினாலும் சூடு வந்து சேராது. தெர்மோஸ்டாட் 50 என்று நினைக்கும்போது தண்ணீர் 65 இல் இருக்கும். நுரையின் வேலை சூட்டை மறிப்பது. அது நல்ல நுரை என்றால் உங்கள் தெர்மோஸ்டாட்டுக்கும் அதே வேலையைத்தான் செய்யும்.

வெப்பம் கடத்தும் பசையை மெல்லியதாகத் தடவி, தெர்மோஸ்டாட்டை வைத்து, அதோடு வரும் பட்டியையோ சுருள்வில்லையோ சிலிண்டரைச் சுற்றிக் கட்டுங்கள். கையால் அசைத்தால் ஆடக் கூடாது, அதே நேரம் பட்டி நுரையை நசுக்கி உள்ளே புதையவும் கூடாது. பிறகு எறியாமல் வைத்த நுரைத் துண்டுகளால் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பி, அலுமினியத் தாள் டேப்பால் ஒட்டுங்கள். இடைவெளி திறந்திருந்தால் வாடைக்காற்று உள்ளே புகுந்து தெர்மோஸ்டாட்டைக் குளிர்விக்கும், அது உண்மைச் சூட்டைக் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட்டின் மூடியையும் சூடு திருப்பும் குமிழையும் மட்டும் வெளியே தெரிய விடுங்கள்.

மின் இணைப்பு

கோல் வகையில் ஒழுங்கு இதுதான்: பிரேக்கரிலிருந்து இருமுனை சுவிச்சுக்கு, சுவிச்சின் லைவ் தெர்மோஸ்டாட்டின் ஒரு முனைக்கு, மற்ற முனையிலிருந்து எலிமென்ட்டின் ஒரு முனைக்கு. நியூட்ரல் நேராக எலிமென்ட்டின் மறு முனைக்கு. எர்த், எலிமென்ட் தலையில் இருக்கும் எர்த் ஆணிக்கு. தெர்மோஸ்டாட் வெட்டுவது லைவ் ஆகத்தான் இருக்க வேண்டும். நியூட்ரலை வெட்டும்படி மாற்றி இணைத்தாலும் தண்ணீர் சூடாகும், நிற்கும், எல்லாம் சரி போலவே தெரியும். ஆனால் நின்ற பிறகும் எலிமென்ட் முழுக்கக் கரண்ட் இருக்கும்.

பட்டி வகையில் பொது முனைக்கு லைவ், சூட்டில் அறும் முனையிலிருந்து வெப்ப வெட்டியின் ஊடாகக் கொன்டாக்டர் சுருளுக்கு, சுருளின் மறு முனை நியூட்ரலுக்கு. கொன்டாக்டரின் பெரிய முனைகள் எலிமென்ட்டின் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டட்டும். இதில் ஒரு குறை உண்டு. கொன்டாக்டரே ஒட்டிப்போனால் வெப்ப வெட்டி சுருளை நிறுத்தியும் பயன் இல்லை. அதனால் எலிமென்ட் தலையில் எலிமென்ட்டின் கரண்டையே நேராக வெட்டும் வெட்டி வைக்க இடம் இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள்.

3 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், 16 அல்லது 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச். சிலிண்டரைத் தொடும் கடைசித் துண்டுக்குச் சாதாரண பிவிசி வயர் ஆகாது, அது 70 பாகைக்குத்தான் செய்தது. சிலிக்கன் உறையுள்ள வயர் போடுங்கள். 13 அம்பியர் ப்ளக்கில் குத்தி ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள், மணிக்கணக்காக ஓடும்போது ப்ளக் சூடேறிக் கருகும். பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியவற்றில் பழுப்பும் நீலமும். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன், நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

கடலுக்கு அருகில் உள்ள வீடுகளுக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். உப்புக் காற்றில் செப்பு முனை ஒரு மாரி கழிவதற்குள் பச்சை பிடித்துவிடும். பச்சை பிடித்த முனை சூடேறும், சூடேறினால் தளரும், தளர்ந்தால் தீப்பொறி. வயர் நுனிக்கு வெள்ளீயம் பூசிய லக் (உலோக முனை) போட்டு அழுத்தி இறுக்குங்கள். கொன்டாக்டர் பெட்டி மழை புகாததாக இருக்கட்டும், வயர் கீழ்ப்பக்கத்தால் நுழையட்டும். வயர் நுழையும் துளையையும் மூடிவிடுங்கள். எறும்பும் பல்லியும் அந்தச் சூட்டைத் தேடி வரும். தொடுமுனைகளுக்குள் நசுங்கிய எறும்புகளால் வேலை நின்ற கொன்டாக்டரை நானே சுத்தம் செய்திருக்கிறேன்.

எத்தனை பாகைக்கு வைப்பது

60 பாகை. இதற்குக் காரணம் உண்டு. லெஜியோனெல்லா என்ற பக்டீரியா 20 முதல் 45 பாகை வரை உள்ள தண்ணீரில் பெருகும். அந்தத் தண்ணீரின் துளிகளை ஷவரில் சுவாசித்தால் கடுமையான நிமோனியா வரலாம். 60 பாகையில் அது சாகும். சிக்கனம் என்று 45 இல் வைப்பவர்கள் அதற்கு வசதியான வீட்டைக் கட்டிக் கொடுக்கிறார்கள். பருவம் முடிந்து மாதக்கணக்காக மூடிக் கிடக்கும் விருந்தக அறைகளில் இது இன்னும் முக்கியம். திறக்க முன் தாங்கியை 60 பாகைக்குச் சூடாக்கி, ஒவ்வொரு பைப்பையும் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

ஆனால் 60 பாகைத் தண்ணீர் பெரியவரின் தோலை ஐந்து விநாடி அளவில் வேக வைக்கும். குழந்தைக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். தாங்கியில் 60, பைப்பில் 45க்குக் கீழே, இரண்டும் வேண்டுமென்றால் குளியலறைக்குப் போகும் குழாயில் சூட்டைத் தானாகக் கலக்கும் வால்வு பூட்ட வேண்டும். பிள்ளைகளும் வயோதிபரும் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

65க்கு மேல் ஏற்றுவதில் பயன் இல்லை. சுண்ணாம்பு படிவது கூடும். கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் உங்கள் வீட்டில் என்றால் எலிமென்ட்டிலும் அதேதான் நடக்கிறது.

முதல் ஓட்டம்

எலிமென்ட் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து பாருங்கள், காற்று இல்லாமல் சீராக ஓட வேண்டும். பிறகுதான் பிரேக்கர்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லீற்றரைச் சூடேற வேண்டிய பாகையால் பெருக்கி, 1.163 ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் தேவையான யூனிட் வரும். 150 லீற்றரை 28 இலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர 5.6 யூனிட். 3 கிலோவாட் எலிமென்ட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எலிமென்ட்டுக்குக் கீழே உள்ள தண்ணீரைக் கணக்கில் கழித்துவிடுங்கள். கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் வர வேண்டிய இடத்தில் அரை மணியில் நின்றால் தெர்மோஸ்டாட் எலிமென்ட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது எலிமென்ட் உலோகத்தின் சூட்டை நேராக வாங்குகிறது. கணக்கு நேரம் தாண்டி அரை மணியாகியும் நிற்காவிட்டால் நிறுத்திவிட்டு, சுடுதண்ணீரை ஒரு கோப்பையில் பிடித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். 65 பாகைக்கு மேல் காட்டினால் தெர்மோஸ்டாட்டின் தொடுகையைத் திரும்பப் பாருங்கள். இந்த முதல் ஓட்டம் முடியும் வரை வீட்டை விட்டுப் போகாதீர்கள்.

சூடேறும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம். 150 லீற்றர் இந்தச் சூட்டில் ஏறக்குறைய 2 லீற்றர் விரியும், மூடிய அமைப்பில் அது வெளியேறியே ஆக வேண்டும். அந்த வால்வின் வாயை அடைப்பு வைத்து மூடியவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அமுக்கத்துக்குள் 100 பாகையைத் தாண்டிய தண்ணீரில் ஒரு பங்கு, தாங்கி கிழியும் கணத்தில் ஆவியாக மாறும். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1,600 லீற்றர் ஆவி.

சூரியவெப்பத் தாங்கி உள்ளவர்களுக்கு

இங்கே தெர்மோஸ்டாட்டோடு ஒரு டைமரும் வேண்டும். விடியப்புறம் தண்ணீர் குளிர்ந்திருக்கும், தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்து எலிமென்ட்டை எரியவைக்கும், ஏழு மணிக்குள் தாங்கி 60 பாகை. கடலுக்கு மேலால் எழும்பிய சூரியனுக்கு அப்புறம் செய்ய வேலை இல்லை. மின்சாரக் கட்டணம் மட்டும் குறையாது. மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் எலிமென்ட்டுக்கு அனுமதி என்று டைமரை வையுங்கள், வெயில் போதாத அளவை மட்டும் அது நிரப்பட்டும். கார்த்திகை, மார்கழியில் காலையிலும் ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

எலிமென்ட்டின் தெர்மோஸ்டாட்டால் சூரியனை நிறுத்த முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆவணியில் அறைகள் வெறுமையாக இருந்தால் தாங்கி 80 பாகையைத் தாண்டலாம், வெப்ப வெட்டி விழும். அடுத்த மழை நாளில்தான் எலிமென்ட் எரியவில்லை என்று தெரியவரும். வெயிலால் விழுந்தது என்று நிச்சயமானால் பொத்தானை அழுத்தலாம். வெயில் இல்லாத நாட்களில் விழுந்திருந்தால் அழுத்தாதீர்கள், தெர்மோஸ்டாட்டோ கொன்டாக்டரோ ஒட்டியிருக்கும். எதுவென்று பார்த்து மாற்றிய பிறகே அழுத்த வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை, மாரி தொடங்க முன், புரட்டாசியில் நான் செய்வது: பிரேக்கரை இறக்கி மூடியைத் திறந்து முனைகளை இறுக்குவேன், பச்சை பிடித்ததை வெட்டிப் புதிய லக் போடுவேன், பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கித் தண்ணீர் பாய்கிறதா என்று பார்ப்பேன், ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துவேன். பிறகு சூடாக்கி, பைப்பில் ஒரு கோப்பை பிடித்து, வெப்பமானியில் வரும் எண்ணைத் திகதியோடு சிலிண்டரின் பக்கத்திலேயே ஒரு டேப் துண்டில் எழுதி ஒட்டிவிடுவேன். போன வருட எண்ணிலிருந்து ஐந்து பாகைக்கு மேல் விலகியிருந்தால் பட்டியைக் கழற்றி, செப்பைத் துடைத்து, புதிய பசை தடவித் திரும்பக் கட்டுவேன்.